குடியும் குடியுரிமையும்
(ஊவாத் தோட்டத் தமிழர் வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு)

தமிழிலே ‘குடி’ என்னுஞ் சொல் பல பொருள் குறித்த ஒரு சொல்லாகும். வீடு குடி, வீட்டில் வாழுங் குடும்பம் குடி, அக்குடும்பம் தோன்றிய கால்வழி குடி, அரசனாற் காக்கப்படும் மக்களுங் குடிகளே. ஓரிடஞ் சென்று நிலையாகத் தங்குதலைக் குடியேறுதல் என்றும், அவ்விடத்தை விட்டு நீங்குதலைக் குடிபெயர்தல் என்றும், நீங்குமாறு பிறர் செய்தலைக் குடியெழுப்புதல் என்றும் வழங்குகிறோம். இச்சொற் குடும்பத்தின் கடைப்பிள்ளை ‘குடியுரிமை’. பண்டையிலக்கியம் அறியாத சொல் அது. ஆயினும், பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டப்புறங்களிலே அப்பொருளை அறியாத முதியவரைக் காண்டல் அரிது. கையெழுத்திடத் தெரியாத பாட்டியும் ‘பிரஜாவுரிமை’ என்னும் வடசொல்லைப் பிழையின்றி மொழிவாள். ஒரு சொல்லை மக்கள் இத்துணை நன்றாகக் கற்றிருப்பின், அதனைக் கற்பித்த ஆசான் பெரும்பாலும் துன்பமாகவே இருத்தல் வேண்டும்.

பேரரசொன்று தன் ஆட்சிக்குள்ளே ஒரு சிறுபான்மையினத்தை எவ்வாறு உண்டாக்குகின்றது, அல்லது முன்னரே உள்ளதொன்றை எவ்வாறு தனிப்படுத்துகின்றது, பின்னர் அப்பேரரசு தளருங்காலத்து அவ்வினத்தின் கதி யாதாகின்றது என்னும் வினாக்களுக்கு நம் மாகாணத்தின் வரலாறே நல்ல விடை தரும். எனினும், நம் வீட்டுச் செய்தியை மட்டும் நோக்கின் அது நமக்கே நேர்ந்த தனித் தீவினை போலத் தோன்றும். ஆதலின் முதற்கண் வேறொரு மக்களைச் சிறிது நோக்குதும்.

சென்னை நகருக்குச் சென்றோர், கோட்டைக்கு வடக்கேயுள்ள வணிகப் பகுதியில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெருவைக் கண்டிருப்பர். அங்கு எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ‘ஆர்மேனியன்’ என்னும் அயற்பெயரைத் தமிழ் நா தனக்கு இசைந்தவாறு திருத்திக்கொண்டதன் விளைவே அப்பெயர். பட்டும் மணியும் விற்க வந்த ஆர்மேனிய வணிகர் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்தனர். சைதாப்பேட்டையருகே அடையாற்றின்மீது பாலங் கட்டுவித்தவரும் அவருள் ஒருவரே. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையாகிய ‘அஸ்தரார்’ 1794 ஆம் ஆண்டிலே சென்னையிலே தான் அச்சேறியது. தம் தாய்நாட்டில் தமக்கென ஓர் அரசின்றிப் பாரசீகர்க்கும் துருக்கியர்க்கும் இடையிற் கிடந்த அம்மக்கள், தமிழ்நாட்டிலே அச்சுக்கூடம் நாட்டித் தம் மொழியை வளர்த்தனர் என்பது நாம் மகிழ்தற்குரியது.

தாய்நிலத்தில் எஞ்சியோர் ஒத்தமன் பேரரசின் குடிகளாயிருந்தனர். அப்பேரரசு சமயவழியே மக்களைப் பகுத்து, ஒவ்வொரு சமயத்தாரையும் அவரவர் குருமாரைக்கொண்டு ஆண்டது. இவ்வேற்பாட்டில் ஆர்மேனியர் தம் கோயிலையும் பள்ளியையும் பேணிக்கொண்டனர். ஆயின் சமவுரிமையுடைய குடிகளாக எண்ணப்பட்டிலர். 1878 ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையின் 61 ஆம் பிரிவு, ஆர்மேனியர் வாழும் மாகாணங்களிற் சீர்திருத்தஞ் செய்வதாகச் சுல்தானிடம் வாக்குப் பெற்றது. வல்லரசுகள் வாக்கை வாங்கினவேயன்றி அதனை நிறைவேற்றும் பொறுப்பை வாங்கவில்லை. பிறநாட்டாரை அழைத்தவர் என்னும் பழி மட்டும் அச்சிறுபான்மையினர்மேல் நின்றது. 1894 முதல் 1896 வரை நிகழ்ந்த கொலைகளும், 1909 இல் அதனாவில் நிகழ்ந்த கொலைகளும் அதன்பின் வந்தவை. 1915 ஏப்பிரல் 24 இலே கொன்ஸ்தாந்திநோபிளில் ஆர்மேனியப் புலவரும் ஆசிரியரும் தலைவருஞ் சிறைபிடிக்கப்பட்டனர். அடுத்த மாதம் 27 ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் ‘இடமாற்றம்’ என்னும் மெல்லிய சொல்லாலே ஊரூராக மக்களைச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திற்று. மாண்டோர் தொகையை ஆறு இலட்சம் முதல் பதினைந்து இலட்சம் வரை ஆராய்ச்சியாளர் பலவாறு கணிப்பர். அதனை இனப்படுகொலையென ஒப்ப இன்றுவரை துருக்கியரசு மறுத்து வருகின்றது.

இவ்வரலாற்றிலே நமக்கு நேரே பயன்படும் பகுதி அதன் பிற்கூறாகும். உயிர்பிழைத்துச் சிரியாவிலும் லெபனானிலும் கிரேக்கத்திலுஞ் சிதறிய ஆர்மேனியர் எந்நாட்டுக் குடிகள் என்னும் வினா எழுந்தது. திரும்பி வாராதோரின் குடியுரிமையை நீக்கத் துருக்கி 1927 இல் ஒரு சட்டஞ் செய்தது. சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையாளராயிருந்த நோர்வே நாட்டுப் பேரறிஞர் நான்சென், நாடற்ற உருசியர்க்கென 1922 இல் ஏற்படுத்திய பயணச் சீட்டு 1924 இல் ஆர்மேனியர்க்கும் நீட்டப்பட்டது. ‘நாடற்றவர்’ என்பதொரு சட்டப் பெயராக உலகத்துக்கு அறிமுகமானது இவ்வாறே.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். ஆர்மேனியர் பட்ட துன்பமும் நம்மவர் பட்ட துன்பமும் ஒன்றெனக் காட்டுதல் என் நோக்கமன்று. அங்கே ஓரினத்தின் உயிரே வேரறுக்கப்பட்டது. இங்கே நிகழ்ந்தது வேறு. துன்பங்களைத் தராசிலிட்டு நிறுப்பது வரலாற்று மாணவனுக்கு அழகுமன்று. இரண்டிடத்தும் ஒத்திருப்பது ஒரு முறையே: முதலிற் பெயரிடுதல், பின்னர்ப் பட்டியலிடுதல், பின்னர்ப் பட்டியலிலிருந்து நீக்குதல்.

இனி ஊவாவுக்கு வருவோம். இம்மலைநாட்டைப் பிரித்தானியர் பெற்ற விதமே கொடிது. 1817-18 ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லசையிலே சிங்கள மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, படையினர் வீடுகளையும் விளைநிலங்களையும் எரித்து அப்பகுதியைப் பாழ்படுத்தினர். பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டி நிறுவப்படாத காட்டுநிலமும் தரிசுநிலமும் முடிக்குரியன என்று கொண்டது. கண்டிநாட்டுக் குடியானவனிடம் உறுதி ஏது? அவன் பாட்டன் உழுதான், அவன் உழுதான், அதுவே உறுதி. இவ்வாறு எடுக்கப்பட்ட நிலம் கோப்பித் தோட்டக்காரர்க்கு மலிந்த விலையில் விற்கப்பட்டது. (உறுதி கேட்டு நிலம் பறித்த அதே தந்திரம், நூறாண்டின்பின் உறுதி கேட்டுக் குடியுரிமை பறித்தற்கும் உதவியதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.) நிலமிழந்த சிங்களக் குடியானவன் அந்நிலத்திலே கூலியாக நிற்க விரும்பானாயினான். ஆகவே கடல் கடந்து ஆள் தேடினர் துரைமார். குடியானவன் கண்ணுக்குத் துரை தூரத்தில் இருந்தான். தமிழ்க் கூலியோ அண்மையில் இருந்தான். வெறுப்பு அண்மையில் உள்ளவனையே பற்றுதல் இயல்பு. மலைநாட்டுச் சிங்களவரின் குறை பொய்யென்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கூறேன். குறை மெய், குற்றவாளியே மாறிப்போனான்.

திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய இடங்களிலிருந்து பஞ்சத்தால் நலிந்த மக்கள் கங்காணிமாரின்பின் வந்தனர். மன்னார்க் கரையிலிறங்கி, நீரில்லாக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தோர் பலர். ஊவாவுக்குரியோர் பின்னும் பன்னாள் நடத்தல் வேண்டும். இருப்புப்பாதை பதுளையை எட்டியது 1924 ஆம் ஆண்டிலன்றோ! 1901 ஆம் ஆண்டிலிருந்து ‘தகரச் சீட்டு’ முறை வந்தது. தகரத்தாலான ஒரு வில்லையிலே பிரதேசத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் பொறிக்கப்பட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்டன. மூட்டைக்கு முத்திரையிட்டு அனுப்புவது போன்ற ஏற்பாடு. இலங்கையரசு இம்மக்களை அடையாளங் கண்ட முதற் பத்திரம் தகரம் என்க.

கோப்பியை இலைநோய் அழித்தது. 1869 இல் முதன்முதற் காணப்பட்ட அந்நோய் அடுத்த இருபதாண்டிலே தோட்டங்களைத் துடைத்துவிட, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களிலே தான் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். ஆதலின் வந்து திரும்பிய கூலிகள் குடும்பத்தோடு தங்கிய குடிகளாயினர். இம்மாற்றம் மிக முக்கியமானது. ‘அவர்கள் வந்துபோகும் ஆட்கள்’ என்னும் வாதம் கோப்பிக் காலத்துக்கு ஓரளவு பொருந்தும். தேயிலைக் காலத்துக்குச் சிறிதும் பொருந்தாது. எனினும் அரசியல்வாதிகள் அதனை 1948 இலும் ஓதினர்.

தங்கினார்களேயன்றி விடுதலையோடு தங்கவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலையை விட்டு நீங்குதல் கடனுக்குரிய வழக்கன்று, தண்டனைக்குரிய குற்றம்; தொழிலாளி சிறை செல்வான். இதனினும் நுண்ணியது ‘துண்டு’ முறை. கங்காணி வழிச்செலவுக்கும் சோற்றுக்குங் கொடுத்த முன்பணந் தொழிலாளி பெயரிற் கடனாக நின்றது. அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பின், ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம்’ என்று துரை எழுதிய சிறு தாள் அவனுக்கு வேண்டும். அத்தாளே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைக் கொடுத்து அவனைப் பெறுவார். கடன் அவன் தலையிலே மீண்டும் ஏறும். இவ்வாறு துண்டோடு துண்டாகத் தோட்டந் தோட்டமாகக் கைமாறியவர் கடன்பட்ட மனிதரா, விலைப்பட்ட மனிதரா என்பதைச் சட்டம் ஆராயவில்லை. இலங்கையில் அடிமைமுறை 1844 இலேயே ஒழிக்கப்பட்டது என்று பாடநூலிற் கற்பிக்கின்றோம். அதனை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் துண்டு என் நினைவுக்கு வரும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாற்றான் துண்டுமுறை நீக்கப்பட்டது. வேலை நீங்கியோர்க்குச் சிறை என்பதும் அக்காலத்தே முடிவுற்றது.

விடியுமுன் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்களத்திலே நிற்றல், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட அன்றைய ‘பேர்’ விழுதல், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேராதல், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறுதல், மாலையில் ஒரு காம்பராவும் ஒரு தாழ்வாரமுங் கொண்ட லயத்துக்குத் திரும்புதல் என்று அன்றாட வாழ்வு அமைந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையே அரைக் கட்டைத் தூரமே இருக்கும். ஆயின் தோட்ட எல்லைக்குள் அயலார் நுழைதற்குத் துரையின் அனுமதி வேண்டும். தொழிற்சங்கத்தார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஒரு நாட்டினுள்ளே நூறாண்டு வாழ்ந்தும் அந்நாட்டாரோடு கலவாதிருக்குமாறு ஒரு மக்களைச் சிறைப்படுத்தியவர், பின்னர் ‘இவர்கள் நாட்டோடு கலந்தாரல்லர்’ என்று சான்று கூறியமை வியப்புக்குரியது.

1931 ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு வயதுவந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வழங்கிற்று. ஆசியாவிலே இதற்கு முன்மாதிரி அரிது. ஆயினும் மலைநாட்டுப் பிரதிநிதிகளின் எதிர்ப்புக்கு இணங்கி, இந்தியத் தொழிலாளர்க்கு மட்டும் நிலையான வதிவிடத்தை நிறுவுதல் வேண்டும் என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. அந்நிபந்தனையோடும் 1939 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 225,000 இந்தியர் வாக்காளராயினர். விதிகள் இறுகவே 1943 இல் அத்தொகை ஏறக்குறைய 168,000 ஆகச் சுருங்கிற்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையரும் அவர் மனைவியார் மீனாட்சியம்மையாரும் தோட்டந்தோறுஞ் சென்று, பத்திரிகையாலும் பேச்சாலும் பாட்டாலும் தொழிலாளரை எழுப்பிய காலம் அது. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு நின்ற இந்தியர் நீக்கப்பட்டனர். அதனைக் குறித்துப் பேச நேரு கொழும்பு வந்தார். அவ்வாண்டு யூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்து முதலாம் நாளிலிருந்து இந்தியா கூலியாட்களை இங்கே அனுப்புதலைத் தடுத்தது. இதன்பின் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறை பெரும்பாலும் இம்மண்ணிலே பிறந்த தலைமுறையே.

அடுத்த ஆண்டு நம் பதுளையை நாடு திரும்பிப் பார்த்தது. 1940 மே மாதத்திலே, நகரை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தமக்குள்ளே ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து அதன்வழியே துரையோடு பேசினர். அடக்க வந்த ஆயுதப் பொலீசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துவிட்டனர் என்பது அக்காலத்துப் பெருஞ்செய்தி. லங்கா சமசமாசக் கட்சியார் துணைநின்ற அப்போராட்டத்தைப் பொலீசாரின் கடுமையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து முடித்தன. அப்போராட்டம் தோற்றது உண்மை. ஆயினும் தகரச் சீட்டோடு வந்தவரின் பேரர், துரைக்கெதிரே சமமாக அமர்ந்து பேசுதற்கு ஒரு குழு அமைத்தனர் என்பதை மாணவர் அறிதல் நன்று. பாடநூல்களில் அதற்கு இடமில்லை.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. அவ்வெழுவருள் ஒருவர் பதுளைத் தொகுதியிலிருந்து தெரிவான எஸ். எம். சுப்பையா. வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளிலும் தோட்டத் தமிழர் வாக்கு இடதுசாரிகளின் வெற்றிக்கு உதவிற்று. ஆளுங் கட்சியின் அச்சம் இங்கே தொடங்கியது என்பதே என் துணிபு. இனவெறுப்பு மட்டும் அச்சட்டங்களை ஆக்கியதென்போர் பாதியே கூறுகின்றனர். வாக்குக் கணக்கும் அவற்றை ஆக்கிற்று.

1948 பெப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன் வமிசவழிப் பிரஜையாவதற்கு, அவன் தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். வாசித்த அளவில் எவ்வினத்தையும் பெயர் சுட்டாத பொதுச் சட்டம் போலவே தோன்றும். அதன் கூர்மை சான்றுகாட்டும் பொறுப்பிலே மறைந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காட்டிலும் லயத்திலும் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? கிராமத்துச் சிங்களக் குடியானவன் பாட்டனுக்கும் பெரும்பாலும் அது இல்லை. ஆயின் அவனிடம் எவருங் கேட்கவில்லை. கேள்வி ஒருவனிடம் மட்டும் கேட்கப்படுமாயின், பொதுச் சட்டமும் அவனுக்கே உரிய சட்டமாகிவிடும்.

அடுத்து, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்ப வழியை வகுத்தது. 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன்னர், மணமானோர் ஏழாண்டும் ஆகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். ஊருக்குப் போன பயணம் ஒன்று பன்னிரண்டு மாதத்தைக் கடந்தால் தொடர்ச்சி அறும். மனைவியின் வதிவும் அவ்வாறே நிறுவப்பட வேண்டும்; தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் நீண்ட நாள் தங்கிவிட்டால் குடும்பத்தின் விண்ணப்பமே வீழும். அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் சட்டம், பிரஜையல்லார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. 1952 தேர்தலிலே தோட்டத் தமிழர் பிரதிநிதியாக ஒருவருந் தெரிவாகவில்லை. அவ்வாண்டிலே தலைவர்கள் கொழும்பிற் செய்த நெடிய சத்தியாக்கிரகமும் பயன் தரவில்லை. தமிழர் தலைவருள்ளே பிளவு நேர்ந்ததும், எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியை நிறுவியதும் இதன் தொடர்ச்சியே. வடக்கிலே கல்வி கற்ற நம் சகோதரர் பலர் அக்காலத்து இதனைத் தோட்டக்காட்டான் சிக்கலென்று ஒதுக்கினர் என்பதையும் ஒளியாது எழுதுதல் கடன்.

இந்நிகழ்ச்சிகளின் காலத்தை உலக நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு நோக்குக. இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்துநான்காம் நாள், ஐக்கிய நாடுகள் அவை இனப்படுகொலையைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. அவ்வுடன்படிக்கைக்குத் தூண்டுகோலாயிருந்த லெம்கின் என்னும் அறிஞர், ஆர்மேனியர்க்கு நேர்ந்ததை இளமையிலே கேட்டு வருந்தியவர். மறுநாள், டிசம்பர் 10 இல், அதே அவை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டென்றும், எவரிடமிருந்தும் அது காரணமின்றிப் பறிக்கப்படலாகாதென்றும் அதன் 15 ஆம் உறுப்புரை கூறும். பாரிசிலே இவ்வாறு எழுதப்பட்டபோது நம் மலைநாட்டிலே ஒரு மக்கள் நாடற்றோராகி ஒரு மாதமும் ஆகவில்லை.

நீதிமன்றத்திலே நியாயம் கேட்கப்பட்டது. சோல்பரி யாப்பின் 29 (2) ஆம் பிரிவு, ஓரினத்துக்கு மட்டும் தடையோ தாழ்வோ உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாதென விலக்கியிருந்தது. பிரித்தானியர் சிறுபான்மையோர்க்கு விட்டுச்சென்ற காப்பு அதுவே. இடாப்பிலே தம் பெயர் வேண்டுமென்று கொடக்கன் பிள்ளை என்பார் கேட்க, இடாப்புத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே முடிவு கூறினார். உயர் நீதிமன்றம் 1951 இலே அம்முடிவை நீக்கிற்று. வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. தன் குடிகள் யாவர் என வரையறுத்தல் எந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்று கூறி அக்கழகமும் 1953 இல் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாளிலே அத்தீர்ப்பை முதன்முறை வாசித்தேன். கூலிகளாக அழைத்துவந்த பேரரசின் உச்சமன்றமே, அழைத்துவரப்பட்டோர் பொருட்டுத் தான் எழுதிய காப்பு அவர்க்கு உதவாதென்று கூறியதை உணர எனக்குச் சில நாள் சென்றது. தீர்ப்பு சட்டநுட்பத்தில் வழுவியதென்று கூறும் புலமை எனக்கில்லை. அப்பிரிவுதானும் 1972 ஆம் ஆண்டு யாப்பிலே இல்லாதொழிந்தது.

விண்ணப்பங்களின் கதையைச் சுருங்கக் கூறலாம். ஏறக்குறைய 825,000 பேர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன; பதின்மூன்றாண்டளவில் உரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேர். தள்ளப்பட்டோருள் என் பாட்டனாரும் ஒருவர். தோட்டத்துச் செக்றோலிலே அவர் ‘கறுப்பண்ணன்’. பிள்ளையின் பிறப்புப் பதிவிலே ‘கருப்பன்’. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் மரியாதை கருதிக் ‘கருப்பையா’ என்று எழுதிவிட்டார். மூவரும் ஒருவரே என்பதை அவ்வலுவலகம் ஏற்கவில்லை. மூன்று பெயரும் உடையவர் மேசைக்கு முன்னாலே நின்றுகொண்டிருந்தார். அவர் பேசியதைத் தாளோடு ஒப்புநோக்க அலுவலர்க்கு வழியில்லையாம். இதனை என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். பாட்டனார் ஒருபோதுஞ் சொன்னதில்லை.

1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பின்னர்ப் பேசித் தீர்க்க. அப்பின்னரும் 1974 இலே வந்தது. ஆளுக்குப் பாதியாக 75,000. பங்கிடப்பட்டோரை ஒருவருங் கேட்கவில்லை. இலங்கையிலேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தோர், இலங்கைக்கு ஒதுக்கிய தொகையின் ஏறக்குறைய இருமடங்கினராயினர் என்பதே அவர்கள் மனத்துக்குச் சான்று. எழுபதுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாகிப் பஞ்சமும் புகுந்தபோது, வேண்டாவெறுப்பாக இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோரும் பலர். அவர்களைச் சுமந்து மலையிறங்கித் தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். நிலையத்திலே ஒரு குடும்பம் ஏறும். நாலு குடும்பம் அழும். தமக்கை இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை எனப் பிரிந்த வீடுகள் பல. அக்கரையிலே சிலர் நீலகிரியில் அரசு திறந்த தேயிலைத் தோட்டங்களை அடைந்தனர். கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன்.

1946 இல் இலங்கையிலே 780,000 ஆக இருந்த இந்தியத் தமிழர், 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 818,000 ஆகவே இருந்தனர். முப்பத்தைந்தாண்டில் நாட்டின் பிற மக்கள் தொகை இருமடங்கானதை நோக்கின், பிரிந்து சென்றோரின் அளவு புலப்படும். எஞ்சியோர்க்கும் அமைதி வாய்த்திலது. 1983 யூலை 27 இலே பதுளை நகரிற் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பிரஜாவுரிமை உடையோனையும் இல்லோனையும் தீ பிரித்தறியவில்லை. மறு ஆண்டிலே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியா செல்ல விண்ணப்பியாத 94,000 பேருக்கு உரிமை வழங்க 1986 இலும், நாடற்ற ஏனையோர்க்கு வழங்க 1988 இன் 39 ஆம் இலக்கத்தாலும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் வழங்க 2003 இன் 35 ஆம் இலக்கத்தாலும் சட்டங்கள் வந்தன. இவ்விறுதிச் சட்டத்தை எல்லாக் கட்சியினரும் ஏற்றனர் என்பதை நன்றியோடு குறித்தல் வேண்டும். ஐம்பத்தைந்தாண்டு பேசியும் வழக்காடியும் தீராதது ஒருநாள் வாக்கெடுப்பிலே தீர்ந்தது.

உரிமை வந்தது, உறுதி இன்னும் வரவில்லை. குடியின் முதற் பொருள் வீடு என்றேன். தோட்டத் தமிழருட் பெரும்பாலோர்க்கு அவ்வீட்டுக்குரிய நிலம் இன்றும் சொந்தமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, அங்கு வாழ்ந்தோர் அபாயம் அறிந்தும் ஏன் அகலவில்லை என்று தலைநகரிலே கேட்டனர். அகன்று செல்வதற்கு அவர்களிடம் ஒரு பேர்ச் நிலந்தானும் இருந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை.

ஆண்டுதோறும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர், தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புதல் எம் போன்ற வகுப்பாசிரியர் பணி. பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயரும் பாடசாலை இடாப்பிலே இன்னொரு பெயருமாக வரும் பிள்ளைகள் இன்றும் உளர். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த மாணவியின் தந்தையார், மேல்மலையிற் கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே பாடசாலைக்கு வந்தார். கையிலே ஒரு பழைய பிஸ்கற்றுத் தகரப்பெட்டி. அதனுள்ளே அவர் பாட்டனார் காலத்து ரசீதுகள், தடுப்பூசித் துண்டு, தள்ளப்பட்ட விண்ணப்பத்தின் கடிதம், 1988 ஆம் ஆண்டுச் சத்தியக் கடதாசி எல்லாம் மடிப்புக் குலையாதிருந்தன. பிள்ளையின் அட்டைக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை, கிராம அலுவலரின் கையொப்பமும் திருத்திய சான்றிதழுமே போதும் என்றேன். அவர் தலையசைத்தார். ஆயினும் ஒவ்வொரு தாளாக என் மேசைமேல் எடுத்து வைத்து, நான் எல்லாவற்றையும் படித்து முடிக்கும் வரை நின்றுகொண்டேயிருந்தார்.